ஒன்றரை கஜம்

நூர் பாஷாவை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தர்மபுரியில் யாரைக் கேட்டாலும், சென்னப்பனும் நூர் பாஷாவும் அண்ணன் தம்பி மாதிரி என்றுதான் சொல்வார்கள். ஊருக்கு என்ன தெரியும்?

எங்களுக்குள் பெண் விஷயமோ பங்காளிச் சண்டையோ கிடையாது. எல்லாம் ஒரு துண்டு மண்ணுக்காக. நாற்பத்து நாலு கஜம் அகலம், பதினெட்டு கஜம் உள்வாட்டம். சந்தைமேட்டுக்குப் பின்னால் உள்ள மைதானத்தில், கோல் கம்பத்துக்கு முன்னால் கிடக்கிற அந்தக் கட்டத்துக்குப் பெனால்டி பாக்ஸ் என்று பெயர். ஒரு டீமில் பத்துப் பேருக்குக் கால் மட்டும்தான். பதினோராவது ஆள் கோலி, அவன் ஒருவனுக்குத்தான் பந்தைக் கையால் தொட உரிமை. அந்த உரிமையும் இந்தக் கோட்டுக்குள்தான். கோட்டைத் தாண்டிக் கையை வைத்தால் அவனும் மற்றப் பத்துப் பேரைப் போலக் குற்றவாளி. எனக்குப் பட்டா போட்ட நிலம் எங்கேயும் இல்லை. ஒன்பது வருஷம் இதுதான் என் நிலமாக இருந்தது.

பிழைப்புக்கு நான் ரோடு மேஸ்திரி. சரளை கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசுக்கட்டையால் இடித்து ரோடு போடுகிற கூட்டத்துக்குத் தலைவன். டேப்பும் முளைக்குச்சியும் என் கையில் இருந்ததால் மைதானத்துக்குக் கோடு போடுகிற வேலையும் என் தலையில் விழுந்தது. நானும் சந்தோஷமாகத்தான் செய்தேன். என் நிலத்துக்கு நானே வரப்பு போடுகிற சந்தோஷம்.

எங்கள் கோடு வெறும் சுண்ணாம்புக் கோடு இல்லை. சந்தைக்கு வருகிற மாடுகள் மைதானத்தின் குறுக்கேதான் போகும். சுண்ணாம்பு போட்டால் மத்தியானத்துக்குள் குளம்படியில் காணாமல் போய்விடும். அதனால் கோட்டை நான் களைக்கொத்தால் வெட்டியே விடுவேன். நாலு விரல் அகலம், இரண்டு விரல் ஆழம், ஏர் உழுத சால் மாதிரி. மேட்ச் அன்றைக்கு மட்டும் அந்தச் சாலில் சுண்ணாம்புத் தூள் தூவினால் போதும்.

அந்தச் சாலால் கோலிக்கு ஒரு வசதி இருந்தது. எல்லோரும் வெறுங்காலில் ஆடுகிறவர்கள். பந்தைப் பார்த்துக்கொண்டே ஓடி வருவேன். கண்ணை ஒரு கணம்கூடக் கீழே இறக்க மாட்டேன். கடைசி அடியைத் தேய்த்து வைப்பேன். கட்டைவிரல் சாலில் இறங்கியதும் உடம்பு தானாக நின்றுவிடும். கை மேலே போய்ப் பந்தைப் பிடிக்கும். எல்லையைக் காலே பார்த்துக்கொள்ளும்.

பிறகு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழில் எனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் கம்பளிக்குள் கிடந்தேன். அந்த மூன்று வாரத்துக்குத்தான் நூர் பாஷாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். பஞ்சடித்து மெத்தை தைக்கிற குடும்பம். இருபத்தொரு வயசு, ஒல்லியான உடம்பு. நான் பிடித்தால் பந்து நெஞ்சில் டப்பென்று மோதுகிற சத்தம் எல்லைக்கு அந்தப் பக்கம்வரை கேட்கும், ஜனங்கள் கைதட்டுவார்கள். அவன் பிடித்தால் சத்தமே வராது. பஞ்சுப் பொதியை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொள்வான். அதற்கு இன்னும் பலமாகக் கைதட்டினார்கள்.

காய்ச்சல் விட்டு எழுந்து போனேன். கேப்டன் சவுரியப்பன், ஸ்கூல் டிரில் மாஸ்டர், என் தோளைத் தட்டினார். "உனக்கு உடம்புல பலம் இருக்குது சென்னப்பா. பேக் ஆடு. கோல்ல பாய் நிக்கட்டும்" என்றார். தட்டிய தோள் இன்றைக்கும் வலிக்கிறது.

கோலியின் சட்டை மட்டும் மற்றவர்களுடையதிலிருந்து வேறு நிறத்தில் இருக்க வேண்டும். பச்சைத் துணி வாங்கி என் வீட்டுக்காரி குள்ளம்மாள் கையால் தைத்த சட்டை அது. அதையும் கேட்டார்கள். குள்ளம்மாள் கொஞ்சமும் யோசிக்காமல் ஊசி நூலை எடுத்து உட்கார்ந்துவிட்டாள். "தம்பி ஒல்லிங்க. ரெண்டு பக்கமும் நாலு விரக்கடை பிடிச்சாத்தான் நிக்கும்" என்று என்னிடமே அளவு சொன்னாள். நான் அன்று சாப்பிடவில்லை. அவள் அதைக் கவனிக்கவும் இல்லை.

அதன் பிறகு ஒன்றரை வருஷம் நான் பேக் ஆடினேன், கோலிக்கு முன்னால் நின்று தடுக்கிற வேலை. எனக்குப் பின்னால், என் சட்டையைப் போட்டுக்கொண்டு, என் பாக்ஸில் அவன் நின்றான். அவனுக்கு ஒரு பழக்கம் உண்டு. பந்து தூரத்தில் வரும்போதே முன்னால் பாய்ந்து வந்துவிடுவான். "டேய், என்னத்துக்கு இவ்ளோ தூரம் வர்றே? பின்னாலயே நில்லு" என்று மேட்ச்சுக்கு மேட்ச் கத்தினேன். டீமின் நன்மைக்காகக் கத்துகிறேன் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் பாய்ந்து வந்து பிடிக்கிற அழகைப் பார்க்க முடியாமல்தான் கத்தினேன்.

ஜெர்மன் சண்டை ஆரம்பிப்பதற்கு முந்தின தை மாதம், கிருஷ்ணகிரிக்காரர்களோடு எங்களுக்குக் கோப்பை மேட்ச் வைத்தார்கள். அதற்கு ஒரு வாரம் முன்னால் டிரில் மாஸ்டர் எங்களை ஸ்கூல் வேப்பமரத்தடியில் கூப்பிட்டார். கையில் புதுப் புத்தகம். ஆட்டத்தின் சட்டங்களை எல்லாம் சீமையில் மறுபடி ஒழுங்கு பண்ணி எழுதியிருக்கிறார்களாம், மெட்ராஸிலிருந்து வரவழைத்திருந்தார். இங்கிலீஷில் ஒரு வரி படிப்பார், தமிழில் நாலு வரி சொல்வார்.

"பாக்ஸ் எதுக்கு வெச்சிருக்கான் தெரியுமா? கோல் விழப்போற இடத்துல திருட்டுத்தனம் பண்ணினா தண்டனை பெருசா இருக்கணும்னு. வெளிய காலைத் தட்டிவிட்டா வெறும் ஃப்ரீ கிக். பாக்ஸுக்குள்ள தட்டிவிட்டா பெனால்டி. பன்னெண்டு கஜத்துல பந்தை வெச்சு, கோலியும் உதைக்கிறவனும் தவிர அத்தனை பேரும் பாக்ஸுக்கு வெளிய போயிடணும்."

"அது தெரிஞ்சதுதானுங்க மாஸ்டர்" என்றான் முனியப்பன். நல்லம்பள்ளிக்காரன், எங்கள் ஃபார்வர்டு, காலில் சக்கரம் கட்டியவன்.

"தெரியாததைச் சொல்றேன் கேளு. பாக்ஸுக்கு வெளிய நின்னா மட்டும் பத்தாது, பந்துக்குப் பத்து கஜம் தள்ளி நிக்கணும். பாக்ஸோட முன்கோட்டு நடுவுல நின்னா பந்துக்கு ஆறு கஜம்தான் வரும். அதுக்காக இப்ப ஒரு வளைவு போடச் சொல்லியிருக்கான். பந்து வெக்கிற புள்ளியிலேர்ந்து பத்து கஜம் கயித்தைப் பிடிச்சு, பாக்ஸுக்கு வெளிய வில்லு மாதிரி ஒரு கோடு." புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டினார். நாங்கள் யாரும் அப்படி ஒரு வளைவை மைதானத்தில் பார்த்ததே இல்லை.

பிறகு பக்கத்தைத் திருப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னொண்ணு, சென்னப்பா. கோடுன்னா கோடாத்தான் இருக்கணுமாம். வெட்டின பள்ளமா இருக்கக் கூடாதுன்னு எழுதியிருக்கான். சேலத்துலேர்ந்து வர்ற ரெஃப்ரி பார்த்தா ஆட்டத்தையே நிறுத்திடுவார். வெட்டின சால் எல்லாத்தையும் மூடிட்டு சுண்ணாம்பு மட்டும் போட்டுடு."

பத்து வருஷமாக நான் வெட்டிய சால். எனக்கு வயிறு எரிந்தது. அடுத்த நிமிஷமே அந்த எரிச்சலுக்குள்ளிருந்து ஒரு யோசனை வந்தது. சால் இல்லாவிட்டால் அவன் காலுக்கு எல்லை தெரியாது. நான் பழக்கிய மைதானம் இது, இதில் நிற்கிற எந்தக் கோலிக்கும் கால்தான் கண். சால் வரும், சால் வரும் என்று அவன் ஓடி வருவான். சுண்ணாம்புக் கோட்டைக் கொஞ்சம் உள்ளே தள்ளிப் போட்டுவிட்டால், பழைய தூரத்துக்கு வந்து பந்தைப் பிடிக்கிறவன் கோட்டுக்கு வெளியே நிற்பான். அத்தனை ஜனத்துக்கு முன்னால் விசில் ஊதும். ஒரு தடவை இல்லை, நாலு தடவை ஊதும். அதற்குப் பிறகு டிரில் மாஸ்டர் யாரைக் கோலில் நிறுத்துவார்?

புதன்கிழமை விடிந்ததும் கூட்டத்து ஆட்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். செம்மண்ணைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்துச் சால்களை மூடினோம். பள்ளம் இருந்த தடமே தெரியவில்லை. ரோடு போடுகிறவனுக்கு அது ஒரு வேலையா? ஆட்களைப் பென்னாகரம் ரோட்டுக்கு அனுப்பிவிட்டு, கோட்டை நான் மட்டும் தனியாக அளந்தேன். பதினெட்டு கஜத்தில் அடிக்க வேண்டிய முளையைப் பதினாறரையில் அடித்தேன். எதிர்ப்பக்கமும் அதே அளவு. ஒரு பக்கம் மட்டும் குறைத்தால் கண்ணில் உறுத்தும் இல்லையா?

வளைவைப் போடும்போதுதான் கொஞ்சம் பயந்தேன். பாக்ஸ் கோடு உள்ளே வந்ததால் வில் இருக்க வேண்டியதைவிடப் பெரிதாக வெளியே புடைத்து நின்றது. சாயங்காலம் டிரில் மாஸ்டர் வந்து படத்தையும் தரையையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் போனார். பார்த்தறியாத ஒன்றில் குறை கண்டுபிடிக்க யாரால் முடியும்?

வியாழன், வெள்ளி, சனி மூன்று நாளும் எனக்குப் பென்னாகரம் ரோட்டில் வேலை. மைதானத்துப் பக்கம் போகவில்லை. ஆனால் அந்த மூன்று நாளும் களி இரண்டு உருண்டை அதிகமாக இறங்கியது. குள்ளம்மாள்கூட, "என்னங்க, மூஞ்சி தெளிஞ்சிருக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்தைச் சுற்றி நிற்க இடமில்லை. பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்துகூட வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ரெஃப்ரி சேலத்து மனுஷர், வழுக்கைத் தலை, கண்டிப்பான முகம். கோடுகளைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, சுத்தமாக இருக்கிறது என்று டிரில் மாஸ்டரிடம் சொன்னார். நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷம்கூட இருக்காது. கிருஷ்ணகிரிக்காரன் ஒருவன் நடுவிலிருந்து பந்தைத் தூக்கி அடித்தான். பந்து என் தலைக்கு மேலே போனது. பின்னால் நூர் பாஷா ஓடி வருகிற சத்தம் கேட்டது. வா, இன்னும் வா என்று மனசுக்குள் கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்தால் அவன் சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் உள்ளே, ஆணி அடித்த மாதிரி நிற்கிறான். பந்து கோட்டைத் தாண்டி உள்ளே வரும்வரை காத்திருந்து, பஞ்சை வாங்குகிற மாதிரி வாங்கிக்கொண்டான்.

தற்செயல் என்று நினைத்தேன். கால் மணி நேரம் கழித்து இன்னொரு பந்து, இந்தத் தடவை கோட்டுக்கு வெளியே விழுந்தது. பழைய கணக்குக்கு அது பாக்ஸுக்கு உள்ளே. பாய்ந்து வந்தான். கோட்டைத் தாண்டும்போதே இரண்டு கையையும் பின்னால் மடக்கிக்கொண்டான். காலால் உதைத்து வெளியே அனுப்பினான். ஜனங்கள் ஆர்ப்பரித்தார்கள். அவன் கால் எப்படி ஏமாறாமல் இருக்கிறது? கடவுள் இவனுக்கு மட்டும் பாதத்தில் கண் வைத்துப் படைத்தாரா?

பாதி ஆட்டம் முடியப் போகிற நேரத்தில் எதிர்க் கோல் பக்கம் கூச்சல் எழுந்தது. முனியப்பன் இரண்டு பேரை ஏமாற்றிவிட்டுக் கோலை நோக்கிப் போனபோது, பின்னாலிருந்து ஒருவன் காலைத் தட்டிவிட்டான். முனியப்பன் முழங்கால் தேய விழுந்தான். எங்கள் ஆட்கள் பெனால்டி, பெனால்டி என்று கத்தினார்கள். ரெஃப்ரி கோட்டைக் காட்டினார். விழுந்தது கோட்டுக்கு வெளியே. வெறும் ஃப்ரீ கிக். அதைக் கிருஷ்ணகிரிக்காரர்கள் சுவர் மாதிரி நின்று தடுத்துவிட்டார்கள்.

இடைவேளையில் தண்ணீர் குடிக்கப் போகிற சாக்கில் அந்தப் பக்கம் நடந்தேன். முனியப்பனின் முழங்கால் தேய்த்த தடம் மண்ணில் அப்படியே இருந்தது. அதற்கு வெளியே அரை கஜம் தள்ளி, நான் மூடிய சாலின் செம்மண் லேசாக நிறம் மாறித் தெரிந்தது. சட்டப்படி அவன் விழுந்தது பாக்ஸுக்குள். பெனால்டியை நான் தின்றுவிட்டேன். நூர் பாஷாவுக்கு வைத்த குழியில் முனியப்பன் விழுந்திருக்கிறான். நெஞ்சு கொஞ்சம் கனத்தது. ஆனாலும் உங்களிடம் மறைப்பானேன், இன்னும் பாதி ஆட்டம் இருக்கிறது, இவன் எப்படியும் ஒரு தடவை தவறுவான் என்றுதான் மனசு போனது. பொறாமை அவ்வளவு சுலபமாக விடாது.

அவன் தவறவில்லை. ஆட்டம் முடியக் கால் மணி இருக்கும்போது கோல் முன்னால் ஒரே நெரிசல். நூர் பாஷா தரையில் விழுந்து பந்தை அணைத்துக்கொண்டான். எவனோ ஒருவனின் முழங்கால் அவன் இடது கைமேல் இறங்கியது. எழுந்தபோது இரண்டு விரல் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன. முகம் வெளுத்துவிட்டது. ஆனால் பந்தை விடவில்லை.

டிரில் மாஸ்டர் கைக்குட்டையால் கட்டுப் போட்டார். வெளியிலிருந்து புது ஆளை இறக்கச் சட்டத்தில் இடமில்லை. இருக்கிற பத்துப் பேரில் ஒருவன் கோலியாகலாம், ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டு. டிரில் மாஸ்டர் யாரையும் சுற்றிப் பார்க்கவே இல்லை. நேராக என்னைப் பார்த்தார்.

நூர் பாஷா ஒரு கையாலேயே பச்சைச் சட்டையைக் கழற்றி என்னிடம் நீட்டினான். "போட்டுக்கோங்க அண்ணே" என்றான். நான் கழற்றிய சட்டையை வாங்கிப் போட்டுக்கொண்டு, கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு வைத்தபடி ஓரத்துக்கு நடந்தான். நான் பச்சையைத் தலைவழியாக இழுத்தேன். நாலு விரக்கடை பிடித்திருந்தாளே, என் உடம்புக்குப் பற்றவில்லை. அக்குளில் தையல் பர்ரென்று விட்டது.

இருந்தாலும் சொல்கிறேன், அந்தக் கால் மணி நேரத்தில் பத்து நிமிஷம் என் வாழ்க்கையிலேயே நல்ல நேரம். மூலைக்கு வந்த ஒரு பந்தைப் பாய்ந்து தட்டினேன். நெஞ்சுக்கு நேரே வந்த இன்னொன்றைப் பிடித்தேன், டப்பென்று பழைய சத்தம். "சென்னப்பன், சென்னப்பன்" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள். ஒன்றரை வருஷம் கேட்காத சத்தம். ஓரத்தில் நின்ற நூர் பாஷாவை ஒரு தரம் திரும்பிப் பார்த்தேன். அவனும் ஒற்றைக் கையால் தொடையைத் தட்டிக்கொண்டிருந்தான்.

பிறகு அந்தப் பந்து வந்தது. நடு மைதானத்திலிருந்து உயரமாக, சூரியனை மறைத்துக்கொண்டு. அவர்கள் ஃபார்வர்டு ஒருவன் அதை நோக்கி ஓடி வந்தான். எனக்குத் தெரியும், அவனுக்கு முன்னால் நான் போய்விடலாம். கிளம்பினேன். கண் பந்தில். ஒன்பது வருஷம் ஓடிய ஓட்டம், காலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கடைசி அடியைத் தேய்த்து வைத்தேன். கட்டைவிரலின் கீழே மண் மெத்தென்று அமுங்கியது. உடம்பு நின்றது. கை மேலே போனது. பந்து டப்பென்று நெஞ்சில் வந்து சேர்ந்தது.

விசில் ஊதியது.

ரெஃப்ரி எனக்குப் பின்னால் கையைக் காட்டினார். திரும்பினேன். சுண்ணாம்புக் கோடு எனக்குப் பின்னால், வெள்ளையாக, நேராக, ஒன்றரை கஜம் தள்ளிக் கிடந்தது. குனிந்து காலைப் பார்த்தேன். கட்டைவிரல் செம்மண்ணில் பாதி புதைந்திருந்தது. எத்தனை திமிசு போட்டு இடித்தாலும் நாலு நாளில் மண் இறுகிவிடுமா? என் கால் என் சாலைக் கண்டுபிடித்துவிட்டது. சட்டப்படி, புத்தகப்படி, நான் பாக்ஸுக்குள்தான் நின்றேன். அந்த மைதானத்தில் அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். சொல்ல முடியாத ஆளும் நான்தான்.

பந்தைக் கீழே வைத்தேன். அந்த இடத்திலிருந்தே ஃப்ரீ கிக். எங்கள் ஆட்கள் பத்து கஜம் தள்ளிச் சுவராக நின்றார்கள். கிருஷ்ணகிரிக்காரன் சுவருக்கு மேலே தூக்கி மூலையில் போட்டான். நான் பாய்ந்தேனா என்றுகூட ஞாபகமில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம். கோப்பை கிருஷ்ணகிரிக்குப் போனது.

ஆட்டம் முடிந்ததும் டிரில் மாஸ்டர் என் முன்னால் வந்து நின்றார். "ஒம்பது வருஷம் நின்னவன்டா நீ. கோடு போட்டவனும் நீ. கண்ணு எங்க போச்சு?" என்றார். அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்போது நூர் பாஷா குறுக்கே வந்தான்.

"அந்த இடத்துல சுண்ணாம்பே இல்லீங்க மாஸ்டர். காத்துல போயிடுச்சு. நானே ரெண்டு தடவை தடுமாறிட்டேன். யாரு நின்னிருந்தாலும் இதான் நடந்திருக்கும்."

பச்சைப் பொய். சுண்ணாம்பு அங்கே பால் மாதிரி கிடந்தது. டிரில் மாஸ்டர் வாயை மூடிக்கொண்டு போய்விட்டார். அவர் என்னை நாலு அறை அறைந்திருந்தால்கூட அவ்வளவு எரிந்திருக்காது. என்னைக் காப்பாற்றுகிற பெருமையும் அவனுக்கே போக வேண்டுமா?

வீட்டுக்குப் போனேன். குள்ளம்மாளுக்கு விஷயம் முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது. "அந்தத் தம்பிக்கு வெரலு எப்பிடிங்க இருக்குது?" என்றுதான் முதலில் கேட்டாள். பச்சைச் சட்டையைக் கழற்றி அவள் மடியில் எறிந்தேன். "தையல் விட்டுடுச்சு. தைச்சு வை" என்றேன். அவள் அதை விரித்துப் பார்த்தாள். "யாரு அளவுக்குங்க தைக்கிறது?" என்று கேட்டாள். குத்தலாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலையில் டேப்பையும் முளைகளையும் எடுத்துக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். அடுத்த மேட்ச்சுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. இருந்தாலும் அந்தக் கோடு அங்கே கிடக்கிற வரைக்கும் தூக்கம் பிடிக்காது என்று தோன்றியது. கோல் கோட்டில் ஒரு முளையை அடித்து டேப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். பஞ்சடிக்கிற வில்லைத் தோளில் சாய்த்தபடி நூர் பாஷா வந்தான். இடது கையில் பச்சிலைக் கட்டு.

"தனியாவா அளக்கறீங்க? குடுங்க" என்று வில்லைக் கீழே வைத்துவிட்டு, டேப்பின் நுனியை வலது கையால் வாங்கிக்கொண்டு நடந்தான். சுண்ணாம்புக் கோட்டில் நிற்கவில்லை. அதைத் தாண்டி நேராகப் போய், செம்மண் மேல் குத்தவைத்து உட்கார்ந்தான். டேப்பைப் பார்த்தான்.

"இங்கதானுங்க பதினெட்டு" என்றான்.

நான் சுத்தியலைக் கீழே வைத்தேன். "உனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"புதன்கெழமை சாயங்காலமே தெரியுமுங்க. தெனமும் ஆட்டம் முடிஞ்சப்புறம் கோல்லேர்ந்து கோடு வரைக்கும் நடந்து பார்ப்பேன். இருவத்திரெண்டு எட்டு வரும். அன்னிக்கு இருவதுலயே கோடு வந்துடுச்சு. சாலும் இல்ல. மறுபடி நடந்தேன், மறுபடி இருவதுதான்."

"ஏன் கேக்கல?"

"எதுக்குங்க கேக்கணும்?" அவன் சிரித்தான். "எத்தனை தடவை கத்தியிருக்கீங்க, இவ்ளோ தூரம் வராதே, பின்னால நில்லுன்னு. நான் கேட்டனா? வாயால சொன்னா இவன் திருந்த மாட்டான்னு கோட்டையே உள்ள தள்ளி வெச்சிட்டீங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு வேற, யாருக்கும் அநியாயம் இல்ல. மூணு நாளும் இருட்டுற வரைக்கும் ஓடி ஓடி நின்னு பார்த்தேன். கண்ணால கோட்டைப் பார்த்து நிக்கப் பழகினேன். ஞாயித்துக்கெழமை நீங்க பார்த்தீங்களே, ஒரு தடவையாச்சும் தாண்டினனா?"

அவன் முகத்தை உற்றுப் பார்த்தேன். கேலி இருக்கிறதா, குத்திக் காட்டுகிறானா, ஏதாவது ஒரு மூலையில் கோபம் ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இருந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். ஒன்றும் இல்லை.

"ஒண்ணு மட்டும் தப்பு பண்ணிட்டேனுங்க" என்றான். "நீங்க கோல்ல நிக்கப் போறப்ப, கோடு உள்ள இருக்குதுன்னு ஒரு வார்த்தை ஞாபகப்படுத்தியிருக்கணும். கை வலியில மறந்துட்டேன். எனக்காகப் பண்ணப் போயி உங்க தலையில விழுந்திடுச்சு. அதனாலதான் மாஸ்டர்கிட்ட அப்பிடிச் சொன்னேன்."

அப்போது சொல்லியிருக்கலாம். உனக்காக இல்லைடா, உன்னைக் கெடுக்கத்தான் செய்தேன் என்று ஒரு வாக்கியம். வாய் வரைக்கும் வந்தது. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில், செம்மண்ணில் என் கட்டைவிரல் பதித்த குழி இன்னும் அழியாமல் இருந்தது.

"சரி விடு" என்றேன். "உன் நல்லதுக்குத்தான் பண்ணினேன்."

அவன் தலையை ஆட்டினான். முளையை எடுத்து அந்தக் குழியிலேயே நட்டு, நான் அடிப்பதற்காக நேராகப் பிடித்துக்கொண்டான்.

"இனிமே பதினெட்டே போட்டுடுங்க அண்ணே" என்றான். "கோட்டைப் பார்த்து நிக்க எனக்குப் பழகிடுச்சு."